ராஜபாளையம் நூலுக்கும் ரப்பர் கலக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரிடம் "எத்தனை நிமிஷம் கிண்டணும்?" என்று கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைக் காட்ட மாட்டார். பால் எவ்ளோ இறுகியிருக்கு, கரண்டி எவ்ளோ கனமா இழுக்குது, அதைப் பார்த்துத்தான் சட்டியை இறக்குவார்.

ரப்பர் கலக்கும் பல சிறு பட்டறைகளில் கதை உல்டா. அங்கே கடிகாரம்தான் மாஸ்டர். இத்தனை நிமிஷம் ஓட்டு, எடுத்துடு. அவ்ளோதான்.

இதனால் யாருக்கு நஷ்டம்? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துக்குப் போனால் தெரியும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து அது நூல் ஊர். ஸ்பின்னிங் மில்லின் ரிங் ஃப்ரேமில் பஞ்சை இழுத்து மெலிதாக்கும் மேல் உருளைகளுக்கு ரப்பர் உறை போட்டிருக்கும். மில்காரர்கள் அதை 'காட்' என்பார்கள். ஆயிரம் ஸ்பிண்டில் உள்ள ஒரு ஃப்ரேமில் முன்வரிசைக்கு மட்டுமே ஆயிரம் காட். ஒரு காட்டில் ஓரிடம் கெட்டியாகவும் இன்னோரிடம் மெத்தென்றும் இருந்தால் பிடிப்பு மாறும். நூல் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். அப்புறம் மில்லில் பஞ்சைத் திட்டுவார்கள், ஆளைத் திட்டுவார்கள். ரப்பரைக் கலக்கிய மெஷின் யார் நினைவுக்கும் வராது.

அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது? கரும்புச்சாறு மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி இரண்டு உருளைகள், நடுவில் சின்ன இடைவெளி. ஒரே வித்தியாசம், ரப்பர் மில்லில் ஒரு உருளை மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதனால் ரப்பர் நசுங்குவதோடு இழுபட்டுக் கிழியவும் செய்யும். அந்த இழுப்பில்தான் கார்பன் பிளாக் கட்டிகள் உடைந்து பரவும். அமெரிக்காவில் எட்வின் சாஃபி இதற்கு 1836-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கும் முன்னால், 1820-ல், லண்டனில் தாமஸ் ஹான்காக் ஒரு ரப்பர் பிசையும் மெஷின் செய்து, ரகசியம் வெளியே போகக் கூடாதென்று அதற்கு 'ஊறுகாய்' என்று பெயர் வைத்திருந்தார்! மூடிய அறைக்குள் இரண்டு ரோட்டர்கள் சுற்றும் பான்பரி மிக்சர் வந்தது 1916-ல். இன்றைய டயர் ஆலைகளில் கலப்பது அதன் வாரிசுகள்தான்.

இப்போது முக்கியமான இடம். ரப்பருக்கு அடுப்பு கிடையாது. பிசையப் பிசைய அதுவே சூடாகும். சூடானால் இளகும், இளகினால் இழுப்பு குறையும், கட்டிகள் உடையாமல் வழுக்கிக்கொண்டு தப்பிவிடும். ஆக, 'இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினா நல்லா கலந்துடும்' என்பது பாதிதான் உண்மை. கந்தகம் சேர்த்த பிறகு சூடு ஏறினால் இன்னும் மோசம். அச்சில் வேக வேண்டிய ரப்பர் மில்லிலேயே வெந்து பாழாகிவிடும்.

மே மாதத்து விருதுநகர் மாவட்ட வெயிலில் உருளைக்குள் ஓடும் குளிர்விக்கும் தண்ணீரும் டிசம்பரில் இருப்பது போல இருக்காது. அப்படியிருக்க, இரண்டு மாதத்துக்கும் ஒரே நிமிஷக் கணக்கு எப்படிச் சரியாகும்? நிமிஷத்தை விட்டுவிட்டு, ரப்பரின் சூட்டையும் மோட்டார் குடித்த மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்கு இத்தனை யூனிட் போனதும் நிறுத்து, இந்தச் சூட்டைத் தாண்டினால் நிறுத்து. பால்கோவா மாஸ்டரின் கரண்டிக் கனம் மீட்டரில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அதுக்குப் பெரிய மிக்சர் வாங்கணுமே" என்று பட்டறைக்காரர் கேட்பது நியாயம். ஒரு நாளில் நாலு கலர், அஞ்சு ரகம் ஓட்டுகிறவருக்கு மூடிய மிக்சரை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வதிலேயே பொழுது போய்விடும். பழைய மில்லைத் தூக்கிப் போடத் தேவையே இல்லை. சூட்டை அளக்க ஒரு சென்சார், மோட்டாருக்கு எனர்ஜி மீட்டர், வேகத்தை மாற்ற ஒரு டிரைவ். இவற்றைப் பழைய மெஷினிலேயே பொருத்தலாம். மூடிய மிக்சர் வைத்திருப்பவர்களும் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ரோட்டர் தேயத் தேயச் சுவருக்கும் அதற்கும் இடைவெளி கூடும். கட்டி உடைவது குறையும். மோட்டாரை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

ஆனால் தரத்துக்கு முன்னால் கை இருக்கிறது. திறந்த மில்லில் ஆள் கத்தியால் ரப்பரை அறுத்து, மடித்து, மறுபடி உருளைக்குள் கொடுக்கிறார். ஷிஃப்ட் முழுக்க விரல்கள் அந்த இடைவெளிக்குப் பக்கத்திலேயே. அவசரக் கம்பியைத் தட்டினால் கரண்ட் போகும், சரி. கனத்த உருளை உடனே நிற்குமா? பிரேக் இல்லையென்றால் ஓட்டத்திலேயே இன்னும் கொஞ்சம் சுற்றும். அந்த 'கொஞ்சம்'தான் விரலா, முழங்கையா என்பதைத் தீர்மானிக்கிறது. மீட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது பிரேக்.

ராஜபாளையத்தில் ராம்கோ பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. காட் வாங்கும் மில்கள் உள்ளூரிலேயே, டயர் ஆலை மதுரைப் பக்கத்திலேயே. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மாணவர்கள் இந்தப் பழைய மில்களைத் தொடலாம். முதல் நாள் வேலைக்குக் காசுகூட வேண்டாம். மில்லைக் காலியாக ஓட்டி, உருளையின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அவசரக் கம்பியைத் தட்ட வேண்டும். கோடு எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று முதலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அளக்க வேண்டும்.