வெட்கப்பட வேண்டியவன் உழைப்பாளியா?

காலில் முள் தைத்தால் சொல்கிறோம். கையில் வெட்டுப்பட்டால் காட்டுகிறோம். தொடையிடுக்கில் வலி என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை! வீட்டாரிடமும் சொல்வதில்லை, மருத்துவரிடமும் சொல்வதில்லை. லங்கோடை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளும் மூட்டைக்கு முதுகு கொடுக்கிறான் உழைப்பாளி.

கீழப்பாவூரில் வயலில் பாடுபடும் தோழர்களுக்கும், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமக்கும் தோழர்களுக்கும் இதை வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறோம்.

அந்த வலிக்குக் காரணம் ஒன்றல்ல. பாரத்தோடு கால் வழுக்கித் தொடைத் தசை பிசகியிருக்கலாம். சில நாள் ஓய்வில் தணியும். காலில் பட்ட புண் சீழ் பிடித்து நெறி கட்டியிருக்கலாம். புண்ணுக்கு மருந்து வேண்டும். விலாவுக்குக் கீழே கிளம்பித் தொடையிடுக்குக்கு இறங்கும் வலி, சிறுநீரகக் கல்லின் வேலையாக இருக்கலாம். இடுப்பு மூட்டு தேய்ந்தாலும் வலி அங்கே தெரியும்.

ஆனால், நம்மவர்கள் மூடி மறைப்பது குடலிறக்கத்தை! அடிவயிற்றுச் சுவரில் வலுக்குன்றிய இடத்தின் வழியே குடல் பிதுங்குகிறது. நின்றால், இருமினால், பாரம் தூக்கினால் வீக்கம் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும். ‘போய்விட்டது’ என்று நிம்மதி கொள்கிறோம். போகவில்லை தோழர், பதுங்கியிருக்கிறது! ஏறத்தாழ நான்கு ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது. இதில் மானக்கேடு எங்கே வந்தது? பெண்களுக்கு வருவது குறைவு. ஆனால் வந்தால், குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

கச்சை வீக்கத்தை அமுக்கும், வழியை அடைக்காது. எண்ணெய் போட்டு நீவினாலும் தீராது. தீர்வு அறுவைதான்; எப்போது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். இத்தாலி நாட்டு மருத்துவர் பாசினி 1887-இல் அதற்கு நல்வழி காட்டினார். இன்று வலை வைத்துத் தைக்கிறார்கள். வலை என்றதும் செலவுக்கு அஞ்ச வேண்டாம். மராட்டிய மாநிலத்துச் சிற்றூர் மருத்துவர் தோங்காவ்ங்கர், கொசுவலைத் துணியையே கிருமி நீக்கி ஏழைகளுக்கு வைத்துத் தைத்தார். உகாண்டா நாட்டில் 302 ஆண்களிடம் அத்தகைய வலையை ஒப்பிட்டுப் பார்த்து, விலையுயர்ந்த வலைக்கு அது சளைத்ததல்ல என்று 2016-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஏழைக்கு எட்டாத வைத்தியமல்ல இது!

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது? வீக்கம் கெட்டியாகி, உள்ளே போக மறுத்து, வலி ஏறி, வாந்தி வந்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றால், குடல் சிக்கி இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். அமுக்கிப் பார்க்காதீர்கள், விடியட்டும் என்று காத்திராதீர்கள்! வளரும் பையனுக்குத் திடீரென விரையில் கடும் வலி வந்தால், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால்தான் பிழைக்க வைக்க வாய்ப்பு அதிகம். வலியோடு குளிர்காய்ச்சலோ, சிறுநீரில் இரத்தமோ கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். 108-ஐ அழைத்தால் வண்டி வரும். தென்காசியில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

“படுத்துவிட்டால் கூலி யார் தருவார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. 1982-இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று சட்டமும் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? மூட்டையின் எடை குறைய வேண்டும். அறுவை முடிந்தவன் பாரம் தூக்காதிருக்கும் வாரங்களுக்குக் கூலியோ, இலேசான வேலையோ கிடைக்க வேண்டும். இதைச் சங்கங்கள் உரக்கக் கேட்கட்டும். கிளைக் கூட்டங்களில் தோழர்கள் கூச்சமின்றிப் பேசட்டும்!

ஊருக்குச் சோறு போடச் சுமந்தவன் உடலில் வந்த நோவு இது. அதற்கு அவன் தலைகுனிய வேண்டியதில்லை. அவன் ஓய்வெடுத்தால் அடுப்பு அணைந்துவிடும் என்கிற நிலையை விட்டுவைத்திருக்கிறதே, அந்தச் சமுதாயம் தலைகுனியட்டும்!