ஊர்ச் சபையும் படக்கருவியும்

கிராம சபை கூடும் நாளில் ஊரார் அனைவரும் வந்து அமர்ந்துவிடுவதில்லை. கூலி வேலைக்குச் சென்றவர் வர இயலாது. கைக்குழந்தையை உடைய தாய் வர இயலாது. நடை தளர்ந்த முதியவரும் வர இயலாது. ஆயினும், குடிநீர்க் குழாய் எத்தெருவுக்கு முதலில் வரும் என்பது அன்று அவர்கள் இல்லாமலே பேசப்படுகிறது. தீர்மானப் புத்தகம் முடிவைச் சொல்லும். எவர் மறுத்தார், எக்கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. ஆதலால், கூட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து இணையத்தில் இட்டால், வேலை முடிந்து வீடு திரும்பியவரும் கண்டறியலாமே என்று சிலர் கேட்கின்றனர். அதனால் வம்பு வளருமே என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

இந்த வழக்கை நமக்கு முன்பே கண்ட நாடு இங்கிலாந்து. அங்கே 1908-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி மன்றக் கூட்டங்களுக்குச் செய்தியாளர் வர இடமளித்தது. சில மன்றங்களோ தம்மையே 'குழு' என்று அறிவித்துக்கொண்டு கதவை அடைத்தன. இந்த ஓட்டையை அடைக்க 1960-இல் மசோதா கொண்டுவந்தவர், அந்நாளில் புதிய உறுப்பினராயிருந்த மார்கரெட் தாட்சர். பாராளுமன்றத்தில் அவருடைய கன்னிப் பேச்சே அதைக் குறித்ததுதான். அதன்பின் பொதுமக்களுக்கும் கதவு திறந்தது. 2014 ஆகஸ்டில் வந்த விதிகள், திறந்த கூட்டங்களை எவரும் படம்பிடித்து வெளியிடும் உரிமையை வழங்கின. இரகசியம் காக்கவேண்டிய செய்திகள் ஆராயப்படும்போது மட்டும் மன்றம் கதவை மூடிக்கொள்ளலாம்.

கதவு திறந்ததோடு தொல்லை தீர்ந்துவிடவில்லை. ஹாண்ட்போர்த் என்னும் சிற்றூரின் பாரிஷ் மன்றம் 2020 டிசம்பரில் இணையவழியே கூடியது. (பாரிஷ் என்பது இங்கே நம் பங்கைப் போன்றதன்று, அந்நாட்டு உள்ளாட்சியின் கடைசிப் படி.) கூட்டத்தை நடத்தித்தர வந்திருந்த அம்மையார், தலைவரையே இணைப்பிலிருந்து நீக்கினார். 2021 பிப்ரவரியில் அக்காட்சியின் சில நிமிடத் துண்டு உலகெங்கும் பரவிற்று. இலட்சக்கணக்கானோர்க்கு அது வேடிக்கையாயிற்று, அம்மையார் வீராங்கனையானார். 2022-இல் வெளியான விசாரணை அறிக்கையோ, அவ்வாறு நீக்க அவருக்கு முறைப்படி அதிகாரம் இருக்கவில்லை என்றும், அன்றைய சூழ்நிலையில் அவர் செய்தது புரிந்துகொள்ளத்தக்கதே என்றும் நிதானமாகக் கூறியது. துண்டைப் பார்த்துத் தீர்ப்பளித்தவருள் எத்தனை பேர் இவ்வறிக்கையைப் படித்திருப்பார்?

நம் ஊரில் இதுவே நேர்ந்தால் என்னாகும்? ஒரு பெண் வாழ்வில் முதன்முறையாகச் சபையில் எழுகிறாள். குரல் நடுங்குகிறது, ஒரு சொல் தவறிவிடுகிறது. அந்தப் பத்து வினாடியை மட்டும் வெட்டியெடுத்து ஒருவன் ஊரெல்லாம் அனுப்பிவிட்டால், அவள் இனி வாய் திறப்பாளா? அவளைக் கண்டு மற்றப் பெண்களும் அடங்கிவிடுவர். கணக்கை மறைக்க விரும்புவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆகவே, படம்பிடிப்பதைத் தடுப்பது மருந்தாகாது. அரைகுறையாக வெளியிடுவதே நோய். படம்பிடிக்கிறவர் அதைத் தொடக்கத்திலேயே எல்லாரும் அறியச் சொல்லட்டும். கூட்டத்தை முதலிலிருந்து முடிவுவரை, நாள் குறித்து, வெட்டாமல் வெளியிடட்டும். ஒருவர் தம் நோயையோ குடும்பத் துயரையோ சொல்லி உதவி கேட்கும் இடத்தில் மட்டும் கருவியை நிறுத்தி, நிறுத்தியதை வெளிப்படையாகக் கூறட்டும். பொதுப் பணத்தின் கணக்கு ஊருக்கு உரியது. ஏழையின் கண்ணீர் ஊருக்கு வேடிக்கையன்று.

பார்க்கும் நமக்கும் கடமை உண்டு. சிரிப்பூட்டும் துண்டு ஒன்று நம் கைப்பேசிக்கு வரும்போது, 'முழுக் கூட்டம் எங்கே?' என்று கேட்போம். அதைக் காணும்வரை பிறருக்கு அனுப்பாதிருப்போம். பெற்றோர் இதைக் கடைப்பிடித்தால் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர். ஆள்வோர் மறைக்க இயலாமலும், எளியோர் பேச அஞ்சாமலும் இருக்கும் சபையே ஊருக்குப் பயன்படும் சபை.