கைக்குழந்தைக்கும் ஒரு ஸீட்

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போனபோது பழைய அலுவலக நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். லியோனில் இருக்கும் அவர் மகள் ஒன்றரை வயதுப் பேரனோடு பொங்கலுக்கு வருகிறாள். மாப்பிள்ளை அந்தப் பொடியனுக்கும் தனி டிக்கெட் எடுத்துவிட்டாராம். போதாததற்கு, காரில் வைத்துக் கட்டுகிற குழந்தை ஸீட்டை விமானத்துக்குள்ளேயே கொண்டுவந்து, அதில்தான் பையனை உட்கார வைக்கப் போகிறாராம். "மடியில வெச்சுக்கிட்டா பத்துல ஒரு பங்குதான் காசு. இது வீண் செலவா இல்லையா, நீங்களே சொல்லுங்க சார்" என்றார். நான் அவர் பக்கம் பேசுவேன் என்று நம்பிக் கேட்டார். பேச முடியவில்லை. ஏன் என்று நடைபாதையில் நின்றபடி சொல்லி முடிக்கவும் முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இதே வாதத்தை ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் நானே செய்தேன். மருமகளும் பேத்தியும் இங்கே வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு பிரான்சுக்குத் திரும்பினார்கள். துணைக்கு நாங்கள் இருவரும் போனோம். பேத்திக்கு அப்போது 11 மாதம். "மாமா, அங்க கார்ல குழந்தைய மடியில வெச்சுக்கிட்டுப் போனா போலீஸ் அபராதம் போடும். பிளேன்ல மட்டும் மடி எப்படி சரியாகும்?" என்று மருமகள் கேட்டாள். நான் கணக்குப் பார்த்தேன். ஏறக்குறைய 35,000 ரூபாய் மிச்சம். என் மனைவியோ, "பச்சைப் பிள்ளையைப் பத்து மணி நேரம் கட்டிப்போடுறதா? என் மடி எதுக்கு இருக்கு?" என்றாள். மருமகள் அதற்குமேல் பேசவில்லை.

துபாயில் இறங்கி வேறு விமானம் ஏறினோம். முன்சுவரில் மாட்டுகிற தொட்டில் கொடுத்தார்கள், குழந்தை நன்றாகத் தூங்கியது. திடீரென்று பெல்ட் விளக்கு எரிந்தது. தொட்டிலில் இருக்கும் குழந்தையை உடனே எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதாவது விமானம் ஏறும்போது, இறங்கும்போது, ஆடும்போது தொட்டில் உதவாது. சும்மா பறக்கும்போதுதான் உதவும். மருமகள் அசந்து தூங்கினாள் என்று என் மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டாள். அடுத்த நிமிடமே விமானம் ஒரு குழிக்குள் விழுந்தது போல இறங்கியது. மனைவியின் கையிலிருந்து குழந்தை மேலே போனது. நான் பார்த்தேன். திரும்ப விழுந்தபோது கைப்பிடியில் நெற்றி மோதியது. கோழிமுட்டை அளவுக்கு வீக்கம், வேறொன்றும் இல்லை. பாரிசில் இறங்கும்வரை என் மனைவி யாரோடும் பேசவில்லை. அவள் பிடி தளர்ந்ததாக நினைத்துக்கொண்டாள். பிடி தளரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பள்ளியில் 'இனெர்ஸி' என்று பிரெஞ்சில் உருப்போட்ட பாடம்தான் இது. தமிழில் நிலைமம் என்கிறார்கள். வண்டி திடீரென நின்றால் வண்டிக்குள் இருப்பது ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி சட்டென்று கீழே போனால் உள்ளே இருப்பது மேலேயே நிற்கும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியன்மாரில் ஐராவதிப் படுகைக்கு மேலே குலுங்கியதே, நினைவிருக்கும். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள், விமானத்தை பாங்காக்கில் இறக்கினார்கள். அந்த விசாரணையின் முதல் அறிக்கைப்படி விமானம் இறங்கிய உயரம் 178 அடி மட்டுமே. ஆனால் உள்ளே இருப்பவர்களின் எடை 0.6 விநாடிக்குள் தலைகீழாகி, மைனஸ் ஒன்றரை மடங்கானது. 10 கிலோ குழந்தையை 15 கிலோ விசையோடு யாரோ மேல்நோக்கிப் பிடுங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கண் சிமிட்டும் நேரத்தில். எந்தப் பாட்டியின் கைக்கும் அது முடியாது, எந்தப் பயில்வான் கைக்கும் முடியாது.

'விமானக் கம்பெனியே அனுமதிக்கிறதே, ஆபத்தென்றால் விடுவார்களா?' என்று நண்பர் கேட்டார். முப்பது வருடம் விதிப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'அனுமதிக்கப்படுகிறது' என்பது வேறு, 'பாதுகாப்பானது' என்பது வேறு. இரண்டு வயதுக்குள் மடி என்பது கட்டணச் சலுகை. இல்லாவிட்டால் இரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை பத்திரமாக இருந்த மடி, மறுநாள் காலையில் எப்படி ஆபத்தாகும்? மடியில் போன பிள்ளைக்கு ஊர் திரும்புவதற்குள் இரண்டு முடிந்துவிட்டால் திரும்பும்போது தனி ஸீட் எடுத்தே ஆகவேண்டும். காபி டம்ளரைக்கூட எடுத்து வைத்துவிடும் நேரத்தில், கட்டப்படாமல் அந்த விமானத்தில் இருக்கும் ஒரே பயணி கைக்குழந்தைதான்.

ஐரோப்பிய விமானங்களில் பெரியவரின் பெல்ட்டோடு கோர்க்கிற சிறு வளையப் பெல்ட் ஒன்று தருகிறார்கள். குழந்தை பறந்துபோகாமல் தடுக்கும், உண்மை. ஆனால் விமானம் மோதி நின்றால் பெரியவரின் உடம்பு முழுவதும் முன்னால் மடிந்து குழந்தையின் மேல்தான் விழும். அதனாலேயே அமெரிக்காவில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதை ஏற்பதில்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை ரொம்பப் பழையது. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ போன டி.சி.10 விமானத்தின் வால் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் வசதியெல்லாம் போய், அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் தரையில் மோதியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மடிக்குழந்தைகள் நால்வர். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் காலடியில் கிடத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன். மோதிய வேகத்தில் எந்தக் கையும் நிற்கவில்லை. மூன்று குழந்தைகள் பிழைத்தன, ஒன்று இறந்தது. அந்தத் தாய் குழந்தையைத் தேடி எரியும் விமானத்துக்குள் திரும்பப் போனபோது எதிரே நின்றவர், அந்த யோசனையைச் சொன்ன பிரவுன்தான். குழந்தைகளுக்குத் தனி ஸீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு பல வருடம் அவர் போராடினார். விபத்து விசாரணை வாரியமும் அதையே பரிந்துரைத்தது. விமானத் துறை மட்டும் பரிந்துரையோடு நிறுத்திக்கொண்டது. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாந்தில் மேலேறிக்கொண்டிருந்த விமானத்தின் பக்கவாட்டுப் பலகை பிய்ந்து பறந்தபோதும் உள்ளே மூன்று மடிக்குழந்தைகள் இருந்தன. பலகையை ஒட்டிய ஸீட்டுகள் காலியாக இருந்தது தெய்வாதீனம்.

கட்டாயமாக்காததற்கு அந்தத் துறை சொன்ன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அது முட்டாள்தனமானது அல்ல. ஸீட்டுக்குக் காசு கேட்டால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும், சாலையில் அதைவிட அதிகமான குழந்தைகள் சாகும் என்றார்கள். டென்வர் - சிகாகோவுக்கு அது பொருந்தலாம். சென்னையிலிருந்து பாரிசுக்கு யார் காரில் போகிறார்கள்? நம் வீட்டுக் கணக்கில் அந்த வாதம் நிற்காது. ஆனால் சாலைதான் பெரிய ஆபத்து என்ற பாதி முழு உண்மை. நம் பயணத்தின் முதல் 150 கிலோமீட்டர் ஈ.சி.ஆரிலோ திண்டிவனம் வழியிலோதானே? நடுராத்திரியில், தூக்கக் கலக்கத்து டிரைவரோடு. கார் ஸீட்டின் அருமை அங்கேயே தொடங்குகிறது. குழந்தையைக் கட்டாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம் என்று நம் நாட்டிலும் 2019ல் சட்டம் திருத்தினார்கள். பிரான்சில் பத்து வயதுவரை 'சியேஜ் ஒத்தோ' 1992 முதல் கட்டாயம். இரண்டு முனையிலும் வேண்டிய பொருளை நடுவில் மட்டும் சரக்கோடு தூக்கிப் போடுவானேன்? அங்கே எறிகிற எறியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டாலும் நமக்குத் தெரியாது.

எல்லாக் கார் ஸீட்டும் விமானத்தில் ஆகாது என்பதையும் நண்பரிடம் சொன்னேன். விமானத்தில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான். தோள்பெல்ட்டோ ஐசோஃபிக்ஸ் கொக்கியோ இருந்தால்தான் பொருந்தும் என்கிற ஸீட்டை அங்கே கட்ட முடியாது. விமானத்துக்கு ஏற்றது என்ற ஒட்டுச்சீட்டு ஸீட்டிலேயே இருக்கும், அமெரிக்க ஸீட்டுகளில் சிவப்பு எழுத்தில். அகலம் 40 சென்டிமீட்டருக்குமேல் போனால் பெரும்பாலும் நுழையாது. ஜன்னலோரம்தான் வைக்க விடுவார்கள், அவசர வழிக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவுண்டரில் நிற்கிற பையனுக்கு விதி தெரியாது, காகிதத்தைக் காட்டினால் அடங்குவான். 10 கிலோவுக்குமேல் 20 கிலோவரை உள்ள பிள்ளைகளுக்கு 'கேர்ஸ்' என்று ஒரு தோள்வார் கிடைக்கிறது. அரைக் கிலோ எடைதான், ஸீட்டின் முதுகில் மாட்டுவது. பிரான்சில் இருப்பவர்களைக் கேட்டால் வாங்கி வருவார்கள்.

செலவு அதிகம், மறுக்கவில்லை. தனி ஸீட்டுக்குப் பெரியவர் கட்டணத்தில் முக்கால் பங்கு ஆகும். நாலு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு நான் உபதேசம் செய்யத் துணியமாட்டேன். ஆனால் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டப்பா கொடுக்கிற நாம் இதை வீண் செலவு என்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. எங்கள் பேத்திக்கு நான் எடுத்த தங்கக் காப்பு மட்டும் அந்த 35,000-க்குமேல்.

நேற்று இரவு நண்பர் போன் செய்தார். ஒத்துக்கொண்டதாக வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்த ஸீட்டை டாக்ஸியில எப்படிக் கட்டுறது? வழக்கமா வர்ற வண்டியில பின்னாடி பெல்ட்டே இல்லையே" என்றார். இருக்கும், ஸீட் கவருக்கு அடியில் போட்டு மூடியிருப்பார்கள், மீனம்பாக்கத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே வெளியே எடுத்து வைக்கும்படி டிரைவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன்.