அறிவுத் தேர்வா, வாசிப்புத் தேர்வா?

கனடாவின் ஸ்காபரோவில் தொடங்கி, மார்க்கம் தாண்டி, ஸ்ரௌவ்வில் வரை வீடு வாங்கி நகர்ந்த தமிழ்க் குடும்பங்களில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே தயங்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பத்து வயதுச் சிறுமியாக நடந்தவர் இன்று நாற்பதைத் தொட்டுவிட்டார். அதன்பின் பள்ளிக்கூடம் அவருக்கு விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. வேலைத்தளத்தில் ஆங்கிலம் பேசிச் சமாளிப்பார். ஒரு பக்கத்தை வாசித்து முடிப்பதுதான் பெரும்பாடு.

இவரிடம் கனடியச் சட்டம் கேட்பது என்ன? 18 முதல் 54 வயது வரையுள்ள விண்ணப்பதாரர், கனடிய மொழித் தரநிலையின் 12 படிகளில் நான்காம் படியில், கேட்கவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். வாசிப்பும் எழுத்தும் அதில் இல்லை. 2017 வரை 14 முதல் 64 வயது வரை விரிந்திருந்த வலையைச் சுருக்கியதும் நல்ல முடிவே. ஆனால் அதே வயதினர் நாட்டைப் பற்றிய அறிவுத் தேர்வையும் எடுக்க வேண்டும்: 20 கேள்விகள், 15 சரியாக வேண்டும், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வாசித்து விடையளிக்க வேண்டும். மொழி நிபந்தனையில் கேட்காத வாசிப்பை இந்தத் தேர்வு சத்தமில்லாமல் கேட்டுவிடுகிறது. வாக்குரிமை என்றால் என்ன என்று போரில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேள்வியின் நீண்ட வாக்கியம்தான் அவரை வீழ்த்துகிறது. அப்படி விழுந்தவரின் புள்ளி அவருடைய நாட்டறிவைச் சொல்லவில்லை. தேர்வில் தோற்றவர்களை அதிகாரி நேரில் அழைத்துக் கேட்கும் வழி உண்டு, மனிதாபிமான விலக்கும் கோரலாம். ஆனால் நேரில் கேட்பதற்கு முதலில் தோற்றுக் காட்டு என்று ஒரு தாயிடம் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல.

எதை அளக்கிறோம் என்ற இந்தக் குழப்பம் பெரிய ஆய்வுகளிலும் உண்டு. வயதுவந்தோரின் திறன்களை அளக்க ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு நடத்தும் பியாக் ஆய்வின் 2012 முடிவுகளில், 16 முதல் 65 வயதுக் கனடியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் எழுத்தறிவில் அந்த ஆய்வின் மூன்றாம் படிக்குக் கீழே இருந்தார்கள். கனடாவில் அந்தச் சோதனை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே. தமிழில் புத்தகங்களாக வாசித்துத் தள்ளும் ஒருவர் அந்தக் கணக்கில் கீழ்ப்படியில் போய் அமரலாம். படிக்கோடுகளும் மனிதர் போட்டவைதான். ஒரு கேள்வியைச் சரியாகச் செய்யும் வாய்ப்பு எவ்வளவு இருந்தால் 'இவருக்கு இது தெரியும்' எனலாம்? 1994இல் தொடங்கிய, இதேபோன்ற முந்தைய பன்னாட்டு ஆய்வு 80 விழுக்காடு என்றது. பியாக் 67 என்றது. அந்த முதல் ஆய்வின் முடிவை ஏற்காமல் பிரான்ஸ் அரசு விலகியே போனது.

பொது அளவுகோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்ரௌவ்வில்லில் நான்காம் படி என்று பெற்ற சான்று கல்கரியிலும் செல்ல வேண்டுமே. புதிதாகக் குடியேறியவர்களுக்கு 1992 முதல் அரசு செலவில் நடக்கும் லிங்க் மொழி வகுப்புகளில், கற்பவர் செய்த பணிகளைக் கோப்பில் சேர்த்து மதிப்பிடும் முறை வந்தபோது நான் மகிழ்ந்தேன். மருத்துவரிடம் நேரம் கேட்பது, பிள்ளையின் ஆசிரியருக்குக் குறிப்பு எழுதுவது எல்லாம் வாழ்க்கைக்கு வேண்டியவை. ஆனால் தொடக்க வழிகாட்டுதல் ஒவ்வொரு திறனுக்கும் எட்டு முதல் பத்துச் சான்றுகள் கேட்டது. நான்கு திறனுக்கும் சேர்த்தால் ஆசிரியரின் நேரம் கோப்புக்கே போய்விடும்.

அந்த வகுப்புமுறையில் உருப்படியான வேறொன்று இருக்கிறது. தாய்மொழியிலும் எழுதப் படிக்கப் பழகாதவரை, ஆங்கிலம் மட்டும் தெரியாதவரோடு ஒன்றாகப் போடாமல், எழுத்தறிவுப் பிரிவில் தனியே சேர்க்கிறார்கள். யாருக்கு வாசிப்பு இடறும் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே மதிப்பீட்டாளர் கண்டறிகிறார். அதற்கான செலவையும் அரசே கொடுக்கிறது. குடியுரிமைத் துறை அந்த மதிப்பீட்டையே ஆதாரமாக ஏற்கட்டும். எழுத்தறிவுப் பிரிவில் படித்தவருக்கு அதே 20 கேள்விகளை, முதல் முறையிலேயே, வாய்மொழியாகக் கேட்கட்டும். 15 என்ற எல்லையை ஒரு புள்ளிகூடக் குறைக்க வேண்டாம்.