பங்கில்லாத வீதி

செம்ஸ்போர்ட் நகரில் குடியேறியிருக்கிறேன் என்றதும் நண்பர்கள் பலரும் கேட்ட முதற்கேள்வி, "லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு எத்தனை நிமிடம்?" என்பதே. புகையிரதத்தில் ஏறத்தாழ 35 நிமிடம். இலண்டனில் உத்தியோகம் பார்ப்போர் இரவில் வந்து உறங்குமிடம் என்ற அளவிலேயே இந்நகரை எம்மவர் அறிந்திருக்கிறார்கள். 2025 ஒக்டோபரில் பியூலி பார்க்கில் புதிய புகையிரத நிலையமொன்று திறக்கப்பட்ட பின்னர் இந்த எண்ணம் மேலும் வலுப்பெற்றிருக்கிறது. அந்நிலையம் அமைந்துள்ள நிலப்பரப்பு எட்டாம் ஹென்றி மன்னனின் மாளிகையோடு தொடர்புடையது என்பதையோ, பியூலி என்பது அவன் அம்மாளிகைக்குச் சூட்டிய பெயர் என்பதையோ வண்டியைத் தவறவிடாமல் ஓடும் கூட்டத்தில் எவர் நினைக்கப் போகிறார்?

உரோமர் காலத்தில் சீசரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. 1199இல் சந்தை கூட்டும் உரிமையைப் பெற்றது. 1381இல் உழவர் கிளர்ச்சி ஓய்ந்ததும் இரண்டாம் ரிச்சார்ட் மன்னன் இங்கு வந்து தங்கினான். இலண்டனில் குடியானவர்களுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் செல்லாவென யூலை 2ஆம் திகதி அறிவித்தது இவ்வூரிலிருந்துதான். ஒப்பந்தம் எழுதுவதும் அதனைக் கிழிப்பதும் 1957, 1958ஆம் ஆண்டுகளில் கொழும்பிற் கண்டுபிடிக்கப்பட்ட கலை அன்று என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது!

பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்த என்னை இந்நகரோடு பிணைப்பது வேறொன்று. மார்க்கோனி 1899இல் உலகின் முதலாவது வானொலிக் கருவித் தொழிற்சாலையை நிறுவியது இங்கே. 1920 யூன் 15ஆம் திகதி நெல்லி மெல்பா என்ற பாடகியின் குரல் நியூ ஸ்ட்ரீட் தொழிற்சாலையிலிருந்து காற்றிலேறிக் கடல் கடந்தது. 1922இல் அயற்கிராமமாகிய ரிட்டிலில் ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கியது. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி பேசத் தொடங்கிவிட்டது. செய்தி நேரத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றி ஊரே கூடியிருந்த காலத்தைக் கண்டவன் நான். அத்தொழிற்சாலையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு அங்கே இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. முகப்புக் கட்டடத்தையாவது விட்டு வைத்தார்களே என்று நன்றி கூறத்தான் வேண்டும்.

நாம் குடியிருப்பது நகரின் ஓரத்தில் எழுந்த வேறொரு புதுக் குடியிருப்பில். மகள் வாங்கிய வீடு. புது வீடு என்பது உலர்ந்து முடியாத வீடு என்பதை இங்கு வந்தே அறிந்தேன். சாந்தின் ஈரம் வெளியேற மாதக்கணக்காகும். அதுவரை மயிரிழை போன்ற வெடிப்புகள் சுவரெங்கும் ஓடும். சாளரத்தின் மேலுள்ள காற்றுத் துவாரங்களை மூடவும் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் காணும் குறைகளைக் கட்டியவரே திருத்த வேண்டும். அதன்பின் பத்தாம் ஆண்டு வரை அமைப்பின் பெரும் பழுதுகளுக்கு மாத்திரமே காப்புறுதி. ஆகவே சரியாகப் பூட்டாத கதவு முதல் சாய்ந்து நிற்கும் அலுமாரி வரை திகதியிட்டு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னது சொன்னதாகாது. குடிபூரலன்று ஓமப்புகைக்கு இடமில்லாமற் போய், மின்னடுப்பில் பால் மட்டும் பொங்கியது. தாளிக்கும்போதெல்லாம் புகை எச்சரிக்கை மணி ஊரைக் கூட்டுகிறது. இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை.

சிரிக்க முடியாதது, ஆண்டுக்கொருமுறை வரும் ஒரு கடிதம். வீட்டு வாசலில் உள்ள வீதி, அதன் விளக்கு, மழைநீர் தேங்கும் குளம், பிள்ளைகள் விளையாடும் புற்றரை ஆகிய எதுவும் நகரசபைக்கோ மாவட்ட ஆட்சிக்கோ சொந்தமல்ல. அவற்றைப் பராமரிக்கும் தனியார் நிறுவனமொன்றுக்கு வீட்டுக்காரர் பணம் செலுத்த வேண்டும். சபை வரியிலோ ஒரு பென்னியும் குறைவதில்லை. வந்த கணக்கில் புல்வெட்டிய செலவைவிட நிர்வாகச் செலவு கூடுதலாக இருந்தது. வீட்டை விற்க முனைந்தால், பாக்கியில்லை என்ற சான்றிதழையும் பெரும்பாலும் அதே நிறுவனத்திடமே கட்டணம் கட்டிப் பெற வேண்டும்.

குத்தகை வீடல்ல, சொந்தக் காணி என்று நிம்மதியாக வாங்குவோரையும் இது விட்டுவைப்பதில்லை. பிரித்தானியாவின் போட்டி, சந்தை அதிகாரசபை 2024 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 11 பெரிய நிறுவனங்கள் 2021-22இல் விற்ற புதிய வீடுகளில் 80 சதவீதம் இத்தகைய கட்டணத்துக்கு உட்பட்டவை. சராசரி ஆண்டுக்கு 350 பவுண். காரணம் எளிது. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், புதிய வீதியை ஆட்சிச் சபை பொறுப்பேற்க உடன்படிக்கை செய்ய வழிவகுக்கிறதே ஒழியக் கட்டாயப்படுத்தவில்லை. பொறுப்பேற்பதாயின் சபை எதிர்காலப் பராமரிப்புக்குப் பணம் கேட்கும். கட்டுபவருக்கு அது மிச்சம். சபைக்கும் தலையிடி குறைவு. இருவரும் தட்டிக்கழித்த சுமை, பேரம் பேசும் மேசையில் இல்லாத மூன்றாமவன் தலையில் இறங்குகிறது.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்கு ஒரு தொடர் நினைவிருக்கும். எல்லைகளையும் பரப்பளவையும் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருப்பார்கள். கிணறு இறைத்துச் சேறு அள்ளும் நாளில் பங்குக்காரர் யாவரும் கூலி கொடுத்தார்கள். கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கே இருந்தது. வழக்குகளும் வேலிச் சண்டைகளும் அதனாலேயே மலிந்தன என்பதை மறைக்கவில்லை. எனினும், செலவுள்ள இடத்தில் பங்கும் இருந்தது. இங்கோ செலவு மட்டும் உறுதியில் ஏறியிருக்கிறது, பங்கைக் காணோம்.

மேற்படி அதிகாரசபை, வீதிகளையும் பொது வெளிகளையும் ஆட்சிச் சபைகள் பொறுப்பேற்பதைக் கட்டாயமாக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2024 மே மாதத்தில் நிறைவேறிய சட்டம், கட்டணத்தை நியாயசபையில் எதிர்க்கும் உரிமையை இவ்வீட்டுக்காரருக்கும் ஏட்டில் வழங்கியது. ஆயினும் அதன் பல பிரிவுகள் மேலதிக விதிகளுக்காகக் காத்திருக்க விடப்பட்டன. என் கருத்தில் நியாயசபை இரண்டாம்பட்சமே. தபாற்காரரும் நோயாளர் வண்டியும் ஊராரின் நாய்களும் தடையின்றிச் செல்லும் வீதி பொது வீதி. அதனைப் பொதுப்பணமே காக்க வேண்டும். வரி ஒன்று, வீதி இரண்டு வகை என்பது ஒரே நகரில் இரு குடிமக்களை உருவாக்கும். பழைய நகரத்தவருக்குப் புதுக் குடியிருப்பு ஒரு தனியார் வளவு. புதியவருக்குப் பழைய நகரம் ஒரு புகையிரத நிலையம்.

இதுவரை பெயரறியாது கையசைத்துச் சென்ற அயலவர் பதினொரு வீட்டாரும் அடுத்த வியாழன் மாலை எமது வரவேற்பறையிற் கூடுகிறார்கள். கூட்டியது அந்தக் கட்டணக் கடிதமே. செலவுக்கான பற்றுச்சீட்டுகளைக் கோரிக் கடிதம் எழுதும் பொறுப்பு, பழைய பத்திரிகைக்காரன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறது. முதல் வரைவு முடிந்துவிட்டது. கோபம் சற்றுக் கூடிவிட்டதென்று மகள் கூறுவதால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.