இரவு ஷிப்டுக்கு யார் பஸ் விடுவது?

தங்கும் விடுதிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் கோவிட்டுக்குப் பிறகு ஓயவே இல்லை. மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக 2026 அறிவிக்கப்பட்டதும் அது இன்னும் உரத்துவிட்டது. நாம் இதை ஏற்கவில்லை. ஆள் இருக்கிறார்கள், வேலைக்கு வர வழியில்லை. வேலை செய்யும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 56 பேர்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் 80க்கும் மேல்.

அவர்களை வேலைக்கு வரவழைக்க முடியும் என்பதற்குப் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வேயையே எடுத்துக்கொள்வோம். 1970களில் இங்கே சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, கம்பத்துப் பெண்களையும் தோட்டத்துப் பெண்களையும் ஷிப்டுக்கு ஏற்றி இறக்கியது தொழிற்சாலை பஸ். இரவு பத்துக்கு மேல் பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்க வேலைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு குறுக்கே நின்றது. விலக்கு வாங்கினார்கள், பஸ்ஸும் விட்டார்கள். முதலாளிகளுக்குத் திடீர்க் கருணை ஒன்றும் பிறந்துவிடவில்லை. இயந்திரம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பிரிவு 2023 ஜனவரி முதல் சட்டத்திலேயே இல்லை. நல்லதுதான். ஆனால் விடுதி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வழி அடைபட்டிருப்பது சட்டத்தால் அல்ல. செத்தியா ஜெயாவிலிருந்து சன்வே பக்கம் 2015 முதல் பிஆர்டி பஸ் ஓடுகிறது. பகலில் சில நிமிடப் பயணம். காலைப் பசியாறலைத் தயாரிப்பவர் முதல் பஸ்ஸுக்கு முன்பே சமையலறையில் இருக்க வேண்டும். கல்யாண விருந்து முடிந்து மேசை துடைப்பவர் வெளியே வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் தினமும் கிரெப் பிடித்தால் மிஞ்சுவது என்ன?

செலவைத் தொழிலாளி தலையில் கட்டும் பழக்கம் இத்துறைக்குப் புதிதல்ல. ஊழியர்களுக்குச் சேர வேண்டிய பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தை எடுத்தே குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பப் பார்த்தார்கள். பெட்டாலிங் ஜெயா விடுதி ஒன்றின் வழக்கில், தொழிற்சங்கம் போராடி, 2021இல் கூட்டரசு நீதிமன்றம் அது கூடாது என்றது. விருந்தினருக்கு விமான நிலைய வண்டி விடத் தெரிந்தவர்களுக்கு, பாத்திரம் கழுவுபவருக்கு வண்டி விடத் தெரியாதா?

நட்சத்திரத் தரம் வழங்குவது சுற்றுலா அமைச்சு. இரவு பத்துக்குப் பிறகும் காலை ஆறுக்கு முன்பும் வேலை வாங்கும் விடுதி, ஊழியருக்கு வண்டி தர வேண்டும் என்பதை அந்தத் தரத்துக்கே நிபந்தனையாக்க வேண்டும். தனியாகக் கட்டுப்படியாகாத சிறிய விடுதிகள் நாலைந்தாகச் சேர்ந்து ஒரு வேன் ஓட்டட்டும்.