அரணைக்கு ஏற்ற வீடு நம் தோட்டமே

ஆலங்காயம் வட்டாரத்தில் அரணை புழங்காத வீட்டுத் தோட்டம் அரிது. கற்சுவரின் இடுக்கிலும், பூந்தொட்டியின் அடியிலும், உதிர்ந்த இலைக் குவியலிலும் இரவைக் கழித்துவிட்டு, வெயில் ஏறியதும் வழவழப்பான பழுப்பு உடலோடு வெளியே வந்து குளிர்காயும் இவ்வுயிரைப் பாம்புராணி என்றும் நம் பகுதியினர் அழைப்பதுண்டு. இதனைக் கண்டதும் பெரியவர்கள் கழியைத் தேடுகின்றனர். சிறுவர்களோ புட்டியைத் தேடுகின்றனர். அயல்நாட்டார் கண்ணாடித் தொட்டியில் அரணை வளர்க்கும் காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்த பிள்ளைகள், தாமும் ஒன்றை வளர்க்க வேண்டுமென்று கேட்பதில் வியப்பில்லை.

அரணையை அடித்துக் கொல்லவும் வேண்டாம், பிடித்து அடைக்கவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதனை நலமாகவும் நிறைவாகவும் வாழவைக்க விரும்புவோர் தோட்டத்தை அதற்கு ஏற்றதாக வைத்துக்கொண்டாலே போதும். நோயாளி ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் இவ்வறிவுரை இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டியது.

கடியும் அச்சமும்

"அரணை கடித்தால் மரணம்" என்னும் சொல் ஓசைப் பொருத்தத்தால் நிலைத்ததேயன்றி உண்மையால் நிலைத்தது அன்று. உலகில் 1,500-க்கும் மேற்பட்ட அரணை இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுகூட மனிதரைக் கொல்லும் நஞ்சுடையது அன்று. நம் மக்களே "அரணை மறதி" என்றும் சொல்வர்; கடிக்க வந்த அரணை அருகில் வந்ததும் வந்த காரியத்தை மறந்துவிடுமாம். உயிரைக் குடிக்கும் கொடியது என்று அஞ்சுவதும், வந்ததையே மறக்கும் பேதை என்று நகைப்பதும் ஒரே உயிரைப் பற்றித்தான். செந்நிற வாலுடன் ஓடும் மெலிந்த சிறு அரணையைக் கண்டு பலர் கூடுதலாக அஞ்சுகின்றனர். அந்நிறம் நஞ்சின் அடையாளம் அன்று. பறவையோ பூனையோ தாக்கும்போது அதன் கவனத்தைத் தலையிலிருந்து வாலுக்குத் திருப்பும் உத்தி அது. பிடிபட்ட வாலை உதறிவிட்டு அரணை தப்பித்துக்கொள்ளும்.

கையில் பிடித்தாலன்றி அரணை பொதுவாகக் கடிப்பதில்லை. கடித்துத் தோல் கீறப்பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதை மருத்துவரிடம் தெரிவித்தால் போதுமானது. வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளால் பரவுவது, ஊர்வனவற்றால் பரவாது.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கடித்த உயிரைக் கண்ணால் காணாதபோது, "அரணையாகத்தான் இருக்கும்" என்று எவரும் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளக் கூடாது. நம் வீட்டைச் சுற்றிக் காணப்படும் அரணைகள் பெரும்பாலும் பகலில் நடமாடுபவை. இரவில் தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிப்பது கட்டுவிரியனாக இருக்கக்கூடும். அதன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு. பற்குறி கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். சில மணி நேரத்தில் வயிற்று வலி, இமை சரிதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் எனத் தொடர்ந்து உயிருக்கே கேடு நேரும். காவலூரில் வானாய்வகம் அமைவதற்குத் துணையான நம் மலைப்பகுதியின் இருள், விண்மீனை நோக்குவோருக்கு நன்று. வெறுங்காலோடு வாசலில் இறங்குவோருக்கு அன்று. கையில் டார்ச் விளக்கும், படுக்கைக்குக் கொசுவலையும் நம் வீடுகளுக்குக் கட்டாயத் தேவைகள்.

இன்னதென்று தெரியாத கடி எதுவாயினும், கட்டுப் போடாமலும், கீறாமலும், வாயால் உறிஞ்சாமலும், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, 108 வாகனத்தை அழைத்து உடனே மருத்துவமனை சேர வேண்டும். வேரும் மந்திரமும் தேடிச் செலவிடும் நேரம் திரும்பக் கிடைக்காது. பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்திருப்பதே இதன் தீவிரத்தைக் காட்டும்.

தொட்டிக்குள் அரணை

அஞ்ச வேண்டியதில்லை என்றதும், "அப்படியானால் வளர்க்கலாமே" என்று கேட்கத் தோன்றும். இவ்வினாவை நாங்கள் முதலில் அரணையின் பக்கம் நின்று பார்க்கிறோம். அரணை தன் உடலின் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர். வெயிலில் கிடந்து சூடேறி, மிகுந்தால் நிழலுக்குச் சென்று தணிந்து, நாள் முழுவதும் இடம் மாறி மாறியே தன்னைச் சீராக வைத்துக்கொள்கிறது. உண்ட உணவு செரிப்பதற்கும் இவ்வெப்பம் வேண்டும். புட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ அடைக்கப்பட்ட அரணைக்கு இவ்விடமாற்றம் கிட்டாது. வெயிலில் வைத்தால் வெந்து சாகும். நிழலில் வைத்தால் செரிமானம் குன்றி மெலியும்.

அடுத்தது ஒளி. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் படாவிடில் அதன் உடலில் வைட்டமின் டி போதுமான அளவு உருவாகாது. அதனால் கால்சியம் எலும்பில் சேராமல், தாடை மென்மையாகிக் காலும் முதுகும் வளையும். கண்ணாடி வழியே வரும் வெயிலில் அக்கதிர் பெரும்பகுதி தடுக்கப்பட்டுவிடுகிறது. சன்னலோரம் தொட்டியை வைப்பதால் மட்டும் குறை தீராது.

உணவும் எளிதன்று. கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி, கறையான் என ஓடித் தேடிப் பலவகை உண்பது அரணை. சோற்றுப் பருக்கையும் ரொட்டித் துண்டும் அதன் உணவல்ல. மேலும், அஞ்சி வாலை உதறிய அரணைக்கு அது சிறிய இழப்பு அன்று. வாலில் சேர்த்துவைத்த கொழுப்பு அதன் சேமிப்பு. வால் மீண்டும் வளரும். ஆனால் முள்ளெலும்பு இராது, குருத்தெலும்பே இருக்கும். அவ்வளர்ச்சிக்காக உடல் தன் வலுவைச் செலவிட வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு நாள் விளையாட்டாக இருந்தது, அரணைக்குப் பல வார நலிவாக முடிகிறது.

நோயாளி உள்ள வீட்டில்

இனி நம் பக்கம். ஊர்வன பலவற்றின் குடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி அவற்றுக்கு எத்தீங்கும் செய்யாமல் வாழ்கிறது. பார்வைக்குத் தூய்மையாகவும் துடிப்பாகவும் இருக்கும் உயிரின் கழிவிலும் அது வெளிப்படும். தோல், தொட்டி, நீர்க்கிண்ணம் என அனைத்திலும் ஒட்டும். உடல்நலம் உள்ள பெரியவருக்கு அதனால் சில நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து நீங்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கருவுற்ற பெண், 65 வயதைக் கடந்தவர், கீமோதெரபி பெறுபவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர் ஆகியோருக்கு அதே கிருமி இரத்தத்திலும் மூளையுறையிலும் பரவக்கூடும். சிறு ஆமைகளால் குழந்தைகளுக்கு இத்தொற்று பரவுவதைக் கண்ட அமெரிக்க அரசு, நான்கு அங்குலத்துக்கும் குறைந்த ஓட்டுடைய ஆமைகளை விற்பதை 1975-இலேயே தடைசெய்தது. நம் ஊர் மீன் கடைகளில் விற்கப்படும் குட்டி ஆமைகளுக்கும் இது பொருந்தும்.

அரணையோ பல்லியோ விழுந்த உணவைக் கொட்டிவிட வேண்டும் என்று நம் மூதாட்டியர் சொன்னதில் நன்மை உண்டு. காரணம் நஞ்சன்று, கிருமி. வழக்கம் சரியே, விளக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

ஆகவே, மேற்கூறிய நிலையில் எவரேனும் உள்ள வீட்டில் ஊர்வன எதனையும் வளர்க்க வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். சட்டமும் நினைவிற்கொள்ளத் தக்கது. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, உடும்பு முதலியவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணில் பட்ட உயிரைப் பிடித்து அடைக்கும் பழக்கம் பிள்ளைப் பருவத்தில் அரணையோடு தொடங்கினால் அங்கேயே நிற்கும் என்று சொல்ல இயலாது.

தோட்டத்தை வீடாக்கும் வழி

வளர்ப்புயிர் நோயாளிக்கு ஆறுதல் தரும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. நீண்ட நாள் படுக்கையில் இருப்பவருக்கும், அவரையே கவனித்துக் களைத்தவருக்கும், தம் நோயோடு தொடர்பற்ற ஓர் உயிரின் அன்றாடத்தைக் காண்பது பெரிய இளைப்பாறல். அவ்வாறுதலைக் கூண்டின்றியே பெறலாம்.

வெயில் படும் இடத்தில், வீட்டுச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தட்டையான கற்கள் சிலவற்றை இடுக்கு விட்டு அடுக்குங்கள். சுவரை ஒட்டிக் கல்லும் விறகும் குவித்தால் எலி குடியேறும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஒரு மூலையிலாவது உதிர்ந்த இலைகளை எரிக்காமல் விட்டுவையுங்கள். அங்கே புழு பூச்சிகள் பெருகும். அரணைக்கு அதுவே உணவறை. ஆழமற்ற மண்தட்டில் நீரூற்றி, ஏறி இறங்க ஒரு கல்லை இடுங்கள். டெங்குக் கொசு முட்டையிடாதிருக்க அந்நீரை நாள்தோறும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். இதனைப் பிள்ளையின் பொறுப்பாக்கி, முடித்ததும் கைகழுவச் செய்தால், அரணை வளர்க்கும் அவன் ஆசை பாதி நிறைவேறிவிடும்.

பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தவிருங்கள்; நஞ்சுண்ட பூச்சியைத் தின்னும் அரணைக்கும் அது கேடாகும். தரையோடு அமைந்த நீர்த்தொட்டிகளை மூடிவையுங்கள். மூட இயலாதெனில் ஒரு கழியைச் சாய்த்து வையுங்கள், தவறி விழுந்தது ஏறிவரும். எலி பிடிக்கும் பசை அட்டையைத் தோட்டத்தில் வைக்காதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட அரணை பசியாலும் தாகத்தாலும் துடித்துச் சாகும். ஒட்டியிருப்பதைக் கண்டால் இழுக்காமல், கையுறை அணிந்து, சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவிப் பசையை நெகிழ்த்தி விடுவியுங்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டதை அடிக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்துவைத்துத் துடைப்பத்தால் மெல்ல வழிகாட்டினால் தானே வெளியேறும்.

ஏற்கெனவே வளர்ப்போருக்கு

ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழும் உறவினர் சிலர் நீலநாக்கு அரணையை முறையாக வளர்க்கக்கூடும். அவர்கள் தொட்டியின் ஒரு முனையை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்திலும், மறு முனையை 25 பாகை அளவிலும் வைத்து, புற ஊதா விளக்கு, ஒளிந்துகொள்ள இடம், புதைந்துகொள்ள ஆழமான படுகை, கீரையும் காயும் பூச்சியும் கலந்த உணவு, கால்சியத் தூள், தோலுரிக்கும்போது விரல்களில் பழந்தோல் சுற்றி இறுகாதபடி கவனிப்பு என யாவும் செய்ய வேண்டும். 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் உயிர் அது; ஆசை தணிந்த பின்னும் பொறுப்பு தணியாது. அயல்நாட்டு உயிர்களை இங்கே வைத்திருப்போர், பன்னாட்டு வணிக உடன்படிக்கைப் பட்டியலில் அவை இடம்பெற்றிருப்பின், 2024-இல் வெளியான விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

அவ்வாறு வளர்க்கும் வீட்டில் எவருக்கேனும் கீமோதெரபியோ உறுப்பு மாற்று சிகிச்சையோ தொடங்கவிருந்தால், அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். நோயாளி அவ்வுயிரையும் தொட்டியையும் தொடலாகாது. தொட்டியைச் சமையலறையில் கழுவலாகாது. தொட்டவர் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே நோயாளிக்கு உணவோ மருந்தோ தர வேண்டும். காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் ஊர்வன இருப்பதைச் செவிலியரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். சிகிச்சைக்கு அது உதவும்.

மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை எளியது. நோயாளியின் கட்டிலை வாய்ப்பிருந்தால் தோட்டம் தெரியும் சன்னலருகே போடுங்கள். காலை வெயில் கல்லில் விழும் நேரத்தில் அரணை வரும். எத்தனை வந்தன, எது வால் இழந்தது, எது வால் வளர்த்தது என்று அவரும் பேரப்பிள்ளையும் சேர்ந்து எண்ணிக் குறித்துவைக்கட்டும். அரணைக்கு அதனால் எந்த இடையூறும் இல்லை. நோயாளிக்கோ, மறுநாள் காலையில் எதிர்நோக்க ஒன்று இருக்கிறது.